உறவினர் யாரென்று தெரியாத நிலையில் இறந்தவரை அடக்கம் செய்வது எப்படி? ஸ்டேஷன் முதல் இறப்புப் பதிவு வரை முழு வழிகாட்டி

நாளிதழின் உள்பக்கத்தில் ஓரமாக ஓர் அறிவிப்பு வரும். “சுமார் 55 வயது மதிக்கத்தக்க ஆண் பிரேதம், மாநிறம், உயரம் 165 செ.மீ., வெள்ளை அரைக்கைச் சட்டை, நீலக் கட்டம் போட்ட கைலி. அங்க மச்ச அடையாளம்: வலது முழங்காலுக்குக் கீழே பழைய வெட்டுத் தழும்பு.” கீழே காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் இருக்கும். அதைப் பார்த்து யாரும் வரவில்லை என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. ஊரில் நாலு பேர் சேர்ந்து இந்த வேலையை எடுத்துச் செய்ய நினைப்பவர்கள், ஜமாத், பங்கு சபை, இளைஞர் மன்றத்தில் இருப்பவர்கள், தெருவில் தனியாக வாழ்ந்த பெரியவர் ஒருவர் இறந்து ‘யார் எடுப்பது’ என்று நிற்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சொல்லியிருப்பது தமிழ்நாட்டு நடைமுறை.

தொடங்கும் முன் ஒன்று. குழி வெட்டி இறக்கி மூடுவது அரை நாள் வேலை. மற்றதெல்லாம் எழுத்து வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ‘புண்ணிய காரியம் செய்ய வந்தால் ஃபாரம் நிரப்பச் சொல்கிறார்களே’ என்பார்கள். ஆனால் ‘உறவினர் இல்லை’ என்பதற்குப் பெரும்பாலும் ‘இதுவரை தெரியவில்லை’ என்றுதான் பொருள். எங்கோ ஒரு வீட்டில் அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம். அடுத்த மாதமோ அடுத்த வருஷமோ அவர் மகள் வந்து நின்றால், இந்தக் குழிதான், இந்த உடல்தான் என்று கை நீட்டிக் காட்ட முடிய வேண்டும். கீழே வருகிற ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: உடலைப் பார்த்ததும்

மூச்சு இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் 108. இறந்துவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் 112. 108 ஆம்புலன்ஸ் பிணத்தை ஏற்றாது, அதற்காக டிரைவரிடம் சண்டை போட வேண்டாம். தண்டவாளத்திலோ ரயில் நிலையத்திலோ கிடந்தால் அது ரயில்வே போலீசின் எல்லை. அவர்கள் வரும்வரை உள்ளூர் ஸ்டேஷனுக்கும் சொல்லி வையுங்கள்.

உடலைத் தொடாதீர்கள், புரட்டாதீர்கள். பையைத் துழாவவே கூடாது. இறந்தவரிடம் இருந்த பொருளை எடுத்துக்கொள்வது தனிக் குற்றம். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 315-வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. நல்லெண்ணத்தில் ‘போன் இருக்கிறதா பார்ப்போம்’ என்று கை வைத்தாலும் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் விடுவதும் வேண்டாம். ஒரு பிள்ளை தன் அப்பாவின் சாவை ஃபார்வர்டு மெசேஜில் தெரிந்துகொள்ளக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் காட்டி விசாரிக்க வேண்டியிருந்தால் போலீஸ் வெளியிடும் படத்தையும் எண்ணையும் மட்டும் பகிருங்கள்.

படி 2: ஸ்டேஷனில் என்ன நடக்கிறது?

அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால், விசாரணை நடைமுறைக்கான சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவின் கீழ் வழக்குப் பதிவாகும். 2024 ஜூலை 1 வரை இதுவே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு. ஸ்டேஷனில் இன்னும் பலர் பழக்கதோஷத்தில் ‘ஒன் செவன்ட்டி ஃபோர் கேஸ்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றே. அதன்பின் பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை, அப்புறம் போஸ்ட்மார்ட்டத்துக்கு வேண்டுகோள் கடிதத்தோடு உடல் ஜி.எச். மார்ச்சுவரிக்குப் போகும்.

இந்தக் கட்டத்தில் உங்களுக்கு வேண்டியவை மூன்று: காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், வருடம். “ஏட்டய்யா, குற்ற எண் மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்று கேட்டு வாங்கிவிடுங்கள். இறந்தவருக்கு இனி அதுதான் பெயர். மார்ச்சுவரி, மயானம், தடய அறிவியல் ஆய்வகம், இறப்புப் பதிவு எல்லா இடத்திலும் அந்த எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள்.

பெயர் தெரியும், உறவினர்தான் இல்லை என்பது வேறு வகை. வாடகை வீட்டில் தனியாக இருந்த மூதாட்டி தூக்கத்தில் இறந்துவிட்டார் என்று வையுங்கள். சாவில் சந்தேகம் இல்லை, பார்த்துவந்த டாக்டர் இருக்கிறார் என்றால் அவர் இறப்புக் காரணச் சான்று தருவார். ஆனாலும் ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. ஆறு மாதம் கழித்து ‘எங்க சித்தி எங்கே, அவங்க நகை எங்கே’ என்று யாராவது வரலாம். பிள்ளைகள் இருந்தும் ‘எங்களால் முடியாது, நீங்களே பாருங்க’ என்று போனில் சொன்னால், அதை எழுத்தில் வாங்காமல் ஓர் அடியும் நகராதீர்கள். வெள்ளைத்தாளில் நாலு வரி, கையெழுத்து, அடையாள அட்டை நகல். நேரில் வர மாட்டேன் என்றால் போலீஸ் மூலம் வாக்குமூலமாக வாங்கலாம்.

இறந்தவர் வெளிநாட்டவர் என்று தெரிந்தால் தூதரகத்துக்குத் தெரிவிப்பது போலீசின் வேலை. அவர்கள் பதில் வரும்வரை அடக்கம் பற்றிப் பேச்சே இல்லை.

படி 3: உறவினரைத் தேடுவது

நேரம் அதிகம் செலவிட வேண்டியது இங்கேதான். ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை, ஒரு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) தலையில் பத்து வேலை இருக்கும். நீங்கள் உதவ முன்வந்தால் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள்.

உடைகளில் தொடங்குங்கள். காலருக்கு உள்பக்கம் பாருங்கள். ரெடிமேட் சட்டை என்றால் கம்பெனி லேபிள், அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தைத்த சட்டை என்றால் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை இருக்கும்: டெய்லர் கடையின் பெயர், கீழே சின்ன எழுத்தில் ஊர். துவைத்துத் துவைத்து எழுத்து மங்கியிருந்தாலும், துணியை நனைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நூல் போன தடம் தெரியும். ‘...ன் டெய்லர்ஸ், பஸ் ஸ்டாண்ட் எதிரில்’ என்ற அரை வரி கிடைத்தாலே தேடும் பரப்பு ஒரு மாவட்டத்துக்குள் சுருங்கிவிடும். சலவைக்குப் போட்ட துணியில் ஓரத்தில் வண்ணான் குறி இருக்கும். அது அந்த ஊர் சலவைக்காரருக்கு மட்டும் புரிகிற எழுத்து, ஆனால் அவருக்கு நன்றாகவே புரியும்.

அடுத்து சட்டைப் பை. இதை போலீஸ் முன்னிலையில், அவர்கள் எழுதும் பட்டியலோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும். பஸ் டிக்கெட்டில் எங்கே ஏறினார், எங்கே இறங்க நினைத்தார் என்று இருக்கும். மாத்திரை அட்டையைப் பார்த்தால் சர்க்கரையா, வலிப்பா, காசநோயா என்று தெரியும். காசநோய் மாத்திரை அரசிடமிருந்து வந்தது என்றால் எங்கோ ஒரு மையத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. மடித்துக் கசங்கிய ஓ.பி. சீட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இடுப்பில் அரைஞாண் கயிறு, கையில் கோயில் கயிறு, தாயத்து, பச்சை குத்திய பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளி என்று தோன்றினால், பச்சை குத்திய எழுத்து எந்த மொழி என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். கட்டட வேலை மேஸ்திரிகளிடமும், ஆள் அனுப்பும் ஏஜென்டுகளிடமும் விசாரியுங்கள். போலீசை விட அவர்கள் சீக்கிரம் பதில் சொல்வார்கள்.

ஆதாரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கைரேகையை வைத்தால் ஆள் யாரென்று வந்துவிடுமே’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓர் ஆதார் எண்ணைக் கொடுத்து, இந்த ரேகை அந்த எண்ணுக்குரியவருடையதுதானா என்று சரிபார்ப்பதற்கான ஏற்பாடு அது. வெறும் ரேகையைக் கொடுத்து ஆளைக் கண்டுபிடிக்க அதில் வழி இல்லை. போலீசிடம் இருக்கும் ரேகைப் பதிவு வேறு. அதில் முன்பு வழக்கில் சிக்கியவர்கள் மட்டுமே இருப்பார்கள்.

காணாமல் போனவர் வழக்குகளோடு ஒப்பிடுவதுதான் கடைசியாகக் கைகொடுப்பது. ‘மேன் மிஸ்ஸிங்’ புகார்கள் வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில் பதிவாகியிருக்கும். எல்லை மாவட்டம் என்றால் கேரளா, கர்நாடகா, ஆந்திரா பக்கமும் கேட்கச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் காத்திருப்பது? உடலின் நிலை, மார்ச்சுவரியில் இருக்கிற இடம், வழக்கின் தன்மை ஆகியவற்றைப் பார்த்துப் போலீஸ்தான் முடிவு செய்யும். நீங்கள் அவசரப்படுத்தாதீர்கள். ‘ஞாயிற்றுக்கிழமைதான் எங்க பசங்க ஃப்ரீ, அதனால இந்த வாரமே முடிச்சிடலாம்’ என்பது காரணமே ஆகாது. அதே சமயம் குளிர்பெட்டி 4 டிகிரியில் அழுகலைத் தள்ளித்தான் போடும், நிறுத்தாது. முகம் மாறத் தொடங்கும் முன்பே படமும் மாதிரியும் எடுத்தாகிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 4: புதைக்கும் முன் சேகரிக்க வேண்டியவை

போலீசும் தடய மருத்துவரும் எடுப்பதைத் தவிர, நீங்களும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். கெட்டி அட்டை போட்ட நீளநோட்டு போதும். பக்கங்களுக்கு எண் போட்டு, பேனாவால் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருக்கட்டும், ஆனால் நோட்டுதான் மூலம்.

முகத்தைக் கழுவித் துடைத்த பிறகு நேர்முகம், இரு பக்கவாட்டு முகம், முழு உடல், தழும்பு, மச்சம், பச்சை, பல்வரிசை, விரித்து வைத்த உடைகள் என்று படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் குற்ற எண் எழுதிய சீட்டும் ஓர் அளவுகோலும் தெரிய வேண்டும். எண் இல்லாத படம் சில மாதங்களில் யாருடையது என்று தெரியாமல் போகும். இந்தப் படங்களைப் போலீஸ் அனுமதியோடு எடுங்கள், பூட்டி வையுங்கள்.

மரபணு மாதிரி எடுக்க வேண்டியவர் மருத்துவர். ரத்தம், அழுகியிருந்தால் கடைவாய்ப் பல் அல்லது தொடை எலும்பின் துண்டு. “சார், டி.என்.ஏ. எடுத்தாச்சா?” என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆய்வுக்கு அனுப்புவது பிறகு நடக்கலாம், எடுத்துப் பாதுகாப்பது அப்போதே நடந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் 2004 டிசம்பர் 26. சுனாமி அடித்த நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கரைகளில் உடல்களை அவசர அவசரமாகப் பெருங்குழிகளில் இட்டார்கள். தொற்றுநோய் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். ஆனால் காயத்தால், நீரில் மூழ்கி இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவுவதில்லை. சுனாமிக்குப் பிறகு, 2006-ல் வந்த பேரிடர்க் கையேட்டில் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் அதை அழுத்திச் சொல்லின. முதலில் எண், படம், விவரம், பிறகுதான் அடக்கம். ஒரே ஓர் உடல் என்றாலும் வரிசை அதுவேதான்.

படி 5: புதைப்பதா, எரிப்பதா?

புதையுங்கள். மின்மயானம் பக்கத்தில் இருக்கிறது, சுலபமாக முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் சாம்பலிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. புதைத்த உடலை மாஜிஸ்ட்ரேட் உத்தரவோடு தோண்டி எடுக்கலாம், எலும்பிலிருந்து மரபணு எடுக்கலாம், விட்டுப்போன காயத்தைக்கூடப் பார்க்கலாம். இது கொலையா விபத்தா என்று பின்னால் கேள்வி வரக்கூடிய வழக்குகள் அதிகம் என்பதால் போலீசும் புதைக்கவே சொல்வார்கள்.

மதம் தெரிந்தால் அதன்படி. வீடில்லாமல் தெருவில் இறந்தவருக்கும் அவருடைய மத வழக்கப்படி கண்ணியமான அடக்கம் உண்டு என்பதை 2002-ல் டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இஸ்லாமியர் என்று உறுதியானால் பள்ளிவாசலில் சொல்லுங்கள். ஜனாஸா தொழுகையும் (இறந்தவருக்கான தொழுகை) அடக்கமும் ‘பர்ளு கிஃபாயா’, அதாவது ஊரில் சிலராவது செய்தால்தான் ஊருக்கே கடமை தீரும் என்பதால், அநேகமாக மறுக்க மாட்டார்கள். கிறிஸ்தவர் என்றால் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ. இறந்தோரை அடக்கம் செய்வது கத்தோலிக்க மரபில் இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்று. அனாதைப் பிரேதத்துக்குச் சடங்கு செய்தால் அசுவமேதப் பலன் என்று வடமொழி வாக்கும் உண்டு. ஆக, எந்தக் கதவைத் தட்டினாலும் சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். தாடி, சுன்னத், கழுத்துக் கயிறு இவற்றில் எதுவும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. மருத்துவக் காரணத்துக்காகச் சுன்னத் செய்தவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். வேளாங்கண்ணி மாதா டாலரை எல்லா மதத்தவரும் போடுகிறார்கள். இங்கே எவ்வளவோ இந்துச் சமூகங்களில் புதைப்பதுதான் வழக்கம். அதனால் பொது மயானத்தில், எந்த மதச் சடங்கும் இல்லாமல், ஒரு பிடி மண்ணும் பூவும் போட்டுப் புதைத்தால் யாருடைய நம்பிக்கைக்கும் குறை வராது.

மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உரிமை கோராத உடல்களைக் கல்லூரிகளுக்குத் தர 1951-ம் வருஷத்து உடற்கூறியல் சட்டம் இடம் தருகிறது. ஆனால் போஸ்ட்மார்ட்டம் ஆன உடல் பாடம் நடத்த உதவாது. அந்தச் சட்டம் பெரும்பாலும் மருத்துவமனை வார்டில் நோயால் இறந்து, யாரும் வராதவர்களுக்குத்தான் பொருந்தும். அதை முடிவு செய்வது மருத்துவமனை நிர்வாகம். தன்னார்வலர்களுக்கு அதில் வேலை இல்லை.

படி 6: மயானமும் ஆட்களும்

நகரம் என்றால் மாநகராட்சி, நகராட்சி மயானம். சுகாதாரப் பிரிவில் போலீஸ் கடிதத்தைக் காட்டினால் இடம் ஒதுக்குவார்கள். கிராமம் என்றால் பஞ்சாயத்துத் தலைவர், வி.ஏ.ஓ. இருவரிடமும் முன்கூட்டியே பேசுங்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயம் வரும். பல கிராமங்களில் மயானம் சாதி வாரியாகப் பிரிந்து கிடக்கிறது. “செத்தது எந்த ஆளுங்க?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். “தெரியாது” என்றால், “அப்ப எங்க சுடுகாட்டுல வேணாம்” என்று எல்லாப் பக்கமும் கதவடைப்பார்கள். உயிரோடு இருந்தபோது கேட்டதை விட்டுவிட முடியாமல் பிணத்திடமும் கேட்கிறோம். வாதம் பண்ணி ஜெயிக்கலாம் என்று உடலை வண்டியில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கிளம்பும் முன்பே தாசில்தார் அல்லது பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) மூலமாகப் பஞ்சாயத்துக்குப் பதிவான மயானத்தில் இடத்தை எழுத்தில் உறுதி செய்யுங்கள். இழுபறியாக இருந்தால் பக்கத்து நகராட்சி மயானமே மேல். ஏரிக்கரை, புறம்போக்கு, யாரோ தானமாகக் கொடுத்த தோப்பு போன்ற இடங்களில் அனுமதியில்லாமல் புதைக்கவே கூடாது. உடலைத் திரும்பத் தோண்டி எடுக்கச் சொல்லி உத்தரவு வரும்.

குழி வெட்டுபவரிடம் முந்தின நாளே பேசுங்கள். ஊர் அவரைப் பல பெயர் வைத்து அழைக்கும். நீங்கள் ‘அண்ணே’ என்றே கூப்பிடுங்கள். அனாதைப் பிணம் என்பதற்காகக் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். நீங்கள் சேவையாகச் செய்யலாம், அவருக்கு அது வேலை. இந்த மயானத்தில் எங்கே தண்ணீர் ஊறும், எந்தப் பக்கம் போன வருஷம் புதைத்தது என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஆழம் ஐந்தடிக்குக் குறையக் கூடாது. மேலாகப் புதைத்தால் நாய் கிளறும், மழைக்கு மண் இறங்கும். கடற்கரை மணலில் பக்கச் சுவர் சரியும் என்பதால் அகலமாக வெட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குழியைக் காலையிலேயே வெட்டி வைத்தால் உடல் வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். வண்டி மார்ச்சுவரியிலிருந்து கிளம்பும்போது கடைசி ஓரடி வெட்டச் சொல்வதுதான் வசதி. ஒரு குழிக்கு ஒரே உடல். ‘ரெண்டு பாடிதானே, சேத்து வச்சிடலாம்’ என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 7: மார்ச்சுவரியில் உடலைப் பெறுவது

கையில் இருக்க வேண்டியவை: அடக்கம் செய்ய உங்களிடம் ஒப்படைப்பதாகப் போலீஸ் தரும் கடிதம், மயானத்தில் இடம் உண்டு என்ற கடிதம், உங்கள் அடையாள அட்டை. கூடவே அந்த வழக்கின் காவலர் ஒருவர் வர வேண்டும். அவர் இல்லாமல் உடலை எடுக்காதீர்கள்.

கிளம்பும் அவசரத்தில் தவறு நடப்பது இங்கேதான். ஊழியர் பெட்டியை இழுத்து, “இதான் சார், தூக்குங்க” என்பார். தூக்காதீர்கள். பையின் ஜிப்பைத் திறக்கச் சொல்லுங்கள். கால் கட்டைவிரலில் கட்டிய சீட்டைக் கையில் பிடித்து, எண்ணை வாய்விட்டு வாசியுங்கள். காவலர் தன் கடிதத்தில் அதே எண்ணைப் பார்க்கட்டும். அப்புறம் அங்க மச்ச அடையாளத்தை ஒப்பிடுங்கள். வலது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று எழுதியிருந்தால் வலது காலைத்தான் பார்க்க வேண்டும். சீட்டு ஈரத்தில் ஊறி மை கரைந்திருந்தால் அங்கேயே புதிதாக எழுதிக் கட்டச் சொல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அதற்குள் நாலு பேர் எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை.

உங்கள் பாதுகாப்பையும் பாருங்கள். கையுறை இரண்டு ஜோடி, என்-95 மாஸ்க், முழுக்கை உடை, கால் மூடிய செருப்பு. பயப்பட வேண்டியது ரத்தத்தையும் கசிவையும்தான். தொடர்ந்து இந்த வேலை செய்பவர்கள் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணையும் டெட்டனஸும் போட்டுக்கொள்ள வேண்டும். அழுகிய உடல் என்றால் பையைத் திறந்து துணி மாற்ற முயல வேண்டாம். பையின் மேலேயே கோடித் துணியைப் போர்த்தினால் போதும், அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வண்டிக்கு அரசின் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. உடனே கிடைக்காத நாளும் உண்டு என்பதால் உள்ளூரில் ஒரு வண்டிக்காரரைப் பழக்கம் பண்ணி வையுங்கள்.

படி 8: அடக்கம்

வாங்கி வைக்க வேண்டியவை அதிகமில்லை: கோடித் துணி, ஒரு மாலை, ஊதுபத்தி, பன்னீர், இறக்குவதற்கு நல்ல கயிறு அல்லது அகலப் பட்டை. சில ஊர்களில் கல் உப்பு, மஞ்சள் தூள் போடுவார்கள்.

முக்கியமானது எண் வில்லை. சின்ன ஸ்டீல் தகடு இரண்டில் ஸ்டேஷன், குற்ற எண், வருடம் பொறிக்கச் சொல்லுங்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற கடையில் நொடியில் செய்து தருவார்கள். ஒன்றை உடலோடு, கணுக்காலில் செம்புக் கம்பியால் கட்டுங்கள். மற்றொன்று குழிக்கு மேலே நடும் கல்லில். காகிதம் மட்கும், பெயின்ட் இரண்டு மழையில் போகும். மேலே உள்ள கல்லை யாராவது பிடுங்கினாலும் கீழே எண் இருக்கும்.

மூடியதும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஜி.பி.எஸ். புள்ளி எடுக்கலாம், ஆனால் அது சில மீட்டர் தள்ளிக் காட்டும். குழிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அதை நம்ப முடியாது. டேப் வைத்து, நகராத இரண்டு இடங்களிலிருந்து அளந்து எழுதுங்கள்: ‘மேற்குச் சுவரிலிருந்து 14 அடி, தண்ணீர்த் தொட்டியின் வடகிழக்கு மூலையிலிருந்து 22 அடி’ என்கிற மாதிரி. மரத்திலிருந்து அளக்காதீர்கள், மரத்தை வெட்டிவிடுவார்கள். பொது மயானங்களில் சில வருஷம் போனால் அதே மண்ணை மறுபடி வெட்டுவது சகஜம். அதனால் இந்தக் குழி வழக்கு நிலுவையில் உள்ளது என்று மயானப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.

இஸ்லாமிய அடக்கத்தில் முகம் கிப்லாவை, அதாவது தொழும் திசையை, பார்க்க வேண்டும் என்பதால் நம் ஊரில் தலை வடக்கே, முகம் மேற்கே. ஜமாத்தார் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வீடியோ எடுக்க வேண்டாம். இப்போது சிலர் தோளில் பிணத்தோடு கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். நன்கொடை வருகிறது என்பது அவர்கள் பதில். இறந்தவர் சம்மதம் சொல்ல முடியாதவர். ஆவணத்துக்கு வேண்டிய படங்களை எடுங்கள், அதோடு போனைப் பையில் வையுங்கள்.

படி 9: இறப்புப் பதிவு

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. உறவே இல்லாதவருக்கு எதற்குச் சான்றிதழ் என்று நினைப்பார்கள். உறவு இருந்தால்? கணவர் இறந்ததற்குப் பதிவு இல்லையென்றால் அந்த மனைவி விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது, நிலத்தைப் பெயர் மாற்ற முடியாது, வங்கிக் கணக்கை முடிக்க முடியாது. காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள சட்டப்படி ஏழு வருஷம் காத்திருந்து கோர்ட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் பதிவு செய்து வைத்த ஒரு வரி அந்த ஏழு வருஷத்தை மிச்சப்படுத்தும்.

1969-ம் வருஷத்து பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பொது இடத்தில் கிடந்த உடலுக்குத் தகவல் தர வேண்டிய பொறுப்பு கிராமத் தலைமையாளர் அல்லது அந்த எல்லையின் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியுடையது. மருத்துவமனையில் இறந்தவர் என்றால் மருத்துவமனை. 21 நாளுக்குள் கட்டணம் இல்லை. அதைத் தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம், பிறகு ஒரு வருஷம் வரை அதிகாரியின் எழுத்து அனுமதி, அதற்கும் மேல் போனால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு. ஆகவே அடக்கம் முடிந்த அதே வாரம் ஸ்டேஷனுக்குப் போய் நினைவூட்டுங்கள். பதிய வேண்டியது இறந்த இடத்தில், புதைத்த இடத்தில் அல்ல. கிராமத்தில் வி.ஏ.ஓ., நகராட்சி மாநகராட்சியில் சுகாதாரப் பிரிவு. பெயர் இடத்தில் ‘அடையாளம் தெரியாத ஆண், சுமார் 55 வயது’ என்று இருக்கும். குற்ற எண்ணும் அதில் இடம்பெறுகிறதா என்று பாருங்கள்.

படி 10: கோப்பை மூன்று இடத்தில் வைப்பது

போஸ்ட்மார்ட்டம் சான்றின் எண், போலீஸ் கடித நகல், படங்கள், குழியின் அளவுக் குறிப்பு, இறப்புப் பதிவு எண் இவற்றை ஒரே உறையில் போட்டு ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று மயான அலுவலகத்துக்கு, ஒன்று உங்கள் பீரோவுக்கு. எஸ்.ஐ. மாற்றலாகிப் போவார், மயான ஊழியர் ஓய்வு பெறுவார், உங்கள் குழுவும் ஒரு நாள் கலையலாம். மூன்றில் ஒன்றாவது மிஞ்சும். செலவுக் கணக்கையும் அதிலேயே வையுங்கள். இறந்தவரின் உடைமைகள் போலீஸ் பட்டியலில் இருக்க வேண்டும், உங்களிடம் ஒரு மோதிரம்கூட இருக்கக் கூடாது.

உறவினர் பின்னால் வந்தால்

வருவார்கள். அயோத்தியில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்த முகமது ஷரீஃப் பல ஆயிரம் உரிமை கோராத உடல்களை அடக்கம் செய்தவர். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் சுல்தான்பூர் போன அவர் மகன் கொலையாகி, வீட்டுக்குச் செய்தி வரும் முன்பே கேட்பாரற்ற உடலாகப் போனதிலிருந்துதான் அவர் இந்த வேலையைத் தொடங்கினார். கேட்பாரற்றுப் போன மகனுக்கு வீட்டில் அப்பா இருந்தார்.

வந்தவரிடம் முதலில் படத்தைக் காட்டாதீர்கள். ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், காணாமல் போனவரின் அடையாளங்களை அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்ட பிறகு உடைகளின் படம், கடைசியில் முகம். துக்கத்தில் ‘ஆமா, இவர்தான்’ என்று தவறாகச் சொல்வதும், ‘இல்லவே இல்லை’ என்று மறுப்பதும் இரண்டும் நடக்கும். அதனால் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் யாராவது ஒருவரின் ரத்தம் எடுத்து மரபணு ஒப்பீடு கேட்பதே சரி.

உடலை எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டால் போலீஸ் மூலம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும். நிர்வாக மாஜிஸ்ட்ரேட் உத்தரவோடு, மருத்துவர் முன்னிலையில்தான் தோண்ட முடியும். உணர்ச்சிவசப்பட்டு நீங்களாக மண்வெட்டியை எடுக்காதீர்கள். பலர் அதைக் கேட்பதில்லை. இடத்தைப் பார்த்தால் போதும், ஒரு கல் வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். டேப்பை எடுத்துப் போய், சுவரிலிருந்து அளந்து காட்டுங்கள்.

அடையாளம் உறுதியான பின் இறப்புப் பதிவில் பெயர் சேர்க்கப் போலீஸ் கடிதத்தோடு அதே பதிவாளரிடம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். திருத்தத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் நோட்டில் அந்த வரிசைக்கு எதிரே பெயர், வந்தவரின் உறவுமுறை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்ற பழைய வரியை அடிக்க வேண்டாம். ஸ்டேஷன் கோப்பும் மயானப் புத்தகமும் இன்னும் அந்தப் பெயரில்தான் இருக்கும்.